சந்தா: நன்கொடையும் இல்லை, கட்டணமும் இல்லை

எங்கள் தெருவில் உள்ள குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டு வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன். ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை. ஒரு பெரியவர் ரசீதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நன்கொடைன்னு போட்டிருக்கீங்களே, நான் குடுக்கிறது சந்தால்ல?" என்றார். விழாவுக்கு அடித்த பழைய புத்தகத்தைத் தவறி எடுத்து வந்திருந்தேன். 'நன்கொடை'யை அடித்துவிட்டு மேலே 'சந்தா' என்று எழுதிக் கொடுத்தேன். அடிக்கட்டையிலும் திருத்தச் சொன்னார்.

அவர் கேட்டது சரிதான். நன்கொடை மனம் வந்தால் தருவது; தராவிட்டால் யாரும் கேட்க முடியாது. சந்தா ஒத்துக்கொண்டு, தவணை வைத்துக் கட்டுவது, கட்டாவிட்டால் பாக்கி. வருமான வரியில் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகைகூட நன்கொடைக்குத்தான், அதுவும் சங்கம் அதற்கென்று பதிவு பெற்றிருந்தால்.

சொல் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. பாரசீகத்தில் 'சந்த்' என்றால் 'எவ்வளவு', 'சில' என்று பொருள். அதிலிருந்து, பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சேர்க்கும் பணம் சந்தா ஆயிற்று. இந்தியில் இன்றைக்கும் நன்கொடைக்கு அதுதான் பெயர்; கம்பெனிகள் கட்சிகளுக்குத் தருவதும் சந்தாதான். தமிழுக்கு வந்தபோது பொருள் சுருங்கி, சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் முறையாகக் கட்டும் தொகையை மட்டும் குறித்தது. 'சந்தாதாரர்' என்பதில் உள்ள 'தார்' நம் தாசில்தாரில் இருக்கும் அதே பாரசீக விகுதி.

பொருளாளரின் மேஜையில் இது மட்டுமே வெளியூர்ச் சொல் இல்லை. ரசீது பாரசீகம், 'வந்து சேர்ந்தது' என்று பொருள். வசூல் அரபி, அதுவும் வந்து சேர்வதுதான். பாக்கியும் அரபி, மிச்சம் இருப்பது. தண்டல், நிலுவை, பற்றுச்சீட்டு என்று தமிழில் இருந்தும் வாயில் வருவது என்னவோ இவைதான்.

ஆங்கிலத்தின் சப்ஸ்கிரிப்ஷன் வேறு வழியில் வந்தது. லத்தீனில் அதற்கு 'கீழே எழுதுதல்' என்று பொருள். தாளின் அடியில் பெயரெழுதி, இவ்வளவு தருகிறேன் என்று ஒப்புக்கொள்வது. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தில் இந்தப் பழைய வாசனை இருக்கிறது. விதிப்படி சேர்க்கப்பட்டு, சந்தா கட்டியவரோ பட்டியலில் கையெழுத்திட்டவரோதான் உறுப்பினர். பாக்கி மூன்று மாதத்தைத் தாண்டினால் ஓட்டும் இல்லை, உறுப்பினர் கணக்கிலும் சேர்த்தி இல்லை. தமிழ்நாட்டுக்கு 1975இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. யூடியூப் இதே சப்ஸ்கிரைபைத் தமிழில் 'குழுசேர்' என்கிறது. காசு கேட்காத இடத்தில் சந்தா என்றால் ஓடிவிடுவார்கள், பாவம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உறுப்பினர் கட்டணம்' என்பதே பரவலாகப் புழங்குகிறது. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. கட்டணம் என்றாலே பதிலுக்கு என்ன தருவீர்கள் என்ற கேள்வி கூடவே வரும். பேருந்துக்குக் கட்டணம், மின்சாரத்துக்குக் கட்டணம். சங்கம் உறுப்பினருக்கு எதையும் விற்பதில்லை, அவரும் சேர்ந்ததுதான் சங்கம். மலையாளத்தில் சந்தாவை 'வரிசங்க்ய' என்கிறார்கள், அதில் 'வரி' இருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் தலைக்கட்டு வரி உண்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று. ஆனால் பதிவுச் சங்கத்தில் 'வரி' என்றால் அரசாங்க நோட்டீஸ் மாதிரி ஒலிக்கும். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வியாபாரிகளின் மகமை, விற்ற சரக்கில் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பங்கு. வீட்டில் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்களே, அந்தப் பிடியரிசியைத்தான் சந்தாவின் அசல் தமிழ் உருவம் என்பேன். சொல்லாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ரசீதில் 'பிடியரிசி ரூ. 1,200' என்று எழுதினால் தணிக்கையாளர் என்னைப் பிடித்துக்கொள்வார்.

இப்போது பாதிப் பேர் யுபிஐ ஆட்டோபேயில் இருக்கிறார்கள். 24 மணி நேரம் முன்னதாகப் போனில் ஒரு தகவல் வரும், அப்புறம் பணம் தானாகப் போய்விடும். பாக்கி குறைந்துவிட்டது. ஆனால் வாசலில் நின்று நோட்டை எண்ணும்போதுதான் எரியாத விளக்கும் அடைத்த சாக்கடையும் பேச்சில் வரும். அதற்காகவே சில வீடுகளுக்கு நான் கையில் புத்தகத்தோடு போவதை நிறுத்தவில்லை.

பொதுக்குழுவில் விதிமுறையைத் திருத்தியபோது 'உறுப்பினர் ஆண்டுத்தொகை' என்று எழுதினோம். புதிய ரசீதிலும் அப்படியே அச்சடித்தோம். பெரியவர் வாங்கி, நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:

"சந்தாதானே இது?"