புதுக்கருக்கு அழியாத தங்கம்

அமெரிக்காவின் பழைய 20 டாலர் தங்க நாணயத்துக்கு 'டபுள் ஈகிள்' என்று பெயர். 1850 முதல் 1933 வரை புழக்கத்துக்காக அடித்தார்கள். எடை 33.436 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேல். பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. தங்கத்துக்காக மட்டும் வாங்குபவருக்குத் தராசு போதும். ஆனால் ஒரே ஆண்டில் ஒரே நாணயசாலையில் அடித்த இரண்டு காசுகள் ஏலத்துக்கு வந்தால், ஒன்று தங்க விலையை ஒட்டிப் போகும். மற்றது பல மடங்கு ஏறும். இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பது அதே தங்கம்தான். மேல்தோல்தான் வேறு.

தரம் பார்ப்பவர் ஒற்றை விளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்ப்பார். புதுக்கருக்கு அழியாத காசென்றால், நடுவிலிருந்து கிளம்பும் ஒளிக்கீற்றுகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் சுழலும். காரணம் அச்சில் இருக்கிறது. அச்சு இறங்கும் அழுத்தத்தில் தங்கம் உருகுவதில்லை. திடமாகவே விளிம்பை நோக்கி வழிகிறது. காசுக்குக் காசு இப்படி வழிந்து வழிந்து அச்சின் முகத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஆரவரிகள் விழுகின்றன. அவை அடுத்து வரும் காசுகளில் பதிகின்றன. காசைத் திருப்பத் திருப்ப வெவ்வேறு வரிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் சக்கரம் ஓடுகிறது.

கை பட்டுப் புழங்கினால் இந்த வரிகள்தான் முதலில் மழுங்கும், அதுவும் மேடான இடங்களில். 1907இல் வந்த, சிற்பி செயின்ட் கோடன்ஸ் வடிவமைத்த காசில் சுதந்திர தேவியின் முழங்கால், மார்பு, மூக்கு மூன்றையும் பார்த்தால் போதும். அங்கே ஒளி நின்றுவிட்டால் காசு புழங்கியிருக்கிறது.

மங்கிய நகையை மெருகு போடக் கொடுத்தே பழகியவர்கள் நாம். இந்தச் சந்தையில் அதுதான் பெரும்பாவம். தேய்த்துத் துலக்கிய காசு பளபளக்கும். ஆனால் விளக்கடியில் சாய்த்தால் சக்கரம் இருக்காது, ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். போன வரிகளைத் திரும்பப் போட வழியே கிடையாது.

கடல் இந்த விஷயத்தில் மனிதரைவிட மென்மையானது. 1857 செப்டம்பரில் புயலில் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலில் சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு அடித்த காசுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1988இல் கண்டெடுத்தபோது பலவற்றில் துருப்படலம் மூடியிருந்தது. தேய்க்காமல் ரசாயனத்தில் ஊறவைத்துக் கரைத்தபோது, அடியில் புதுக்கருக்கு அப்படியே இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் 1 முதல் 70 வரை ஓர் எண் போடுகிறார்கள். 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காதது. ஏன் நூறு இல்லை? 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்காக ஒரு விலைக் கணக்குப் போட்டார்: அடிமட்டக் காசின் விலையைப் போல 70 மடங்கு பெறும் காசு 70. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே செத்துப்போனது, எண் மட்டும் தங்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது. எனக்கு இது இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அதைவிட வேடிக்கை 58. நூலிழைத் தேய்மானம் மட்டும் உள்ள காசு அது. 61 வாங்கிய காசு புழங்காததுதான். ஆனால் கனமான காசுகள் மூட்டைக்குள் ஒன்றோடொன்று மோதியதில் கன்னமெல்லாம் வடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் 58 பக்கம்தான் போகும்.

1980களின் நடுவிலிருந்து பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம் பார்க்கும் நிறுவனங்கள் எண் போட்டு, காசைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி அனுப்புகின்றன. ஆனாலும் எண் என்பது பார்த்தவரின் கணிப்புதான். ஓர் எண் கூடினால் விலை எகிறும் காசுகள் உண்டு. அதனால் சிலர் பெட்டியை இடுக்கியால் பதமாக நெரித்து உடைத்து, உள்ளே இருந்த அதே காசை மறுபடியும் தரம் பார்க்க அனுப்புகிறார்கள், 64 இந்தத் தடவை 65 ஆகாதா என்று.