எழுத்துரு: ஃபாண்டுக்குத் தமிழ்

ஃபாண்ட் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் 'ஊற்றுதல்' என்று பொருள்படும் ஃபுந்தெரே. பிரெஞ்சில் அது உருக்குதல், வார்ப்பு என்றாகி ஆங்கிலத்துக்கு வந்தது. கோவையில் நாள்தோறும் புழங்கும் பவுண்டரி என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றையும் உருக்கி ஊற்றி, ஒரே வடிவில் ஒரே அளவில் வார்த்தெடுத்த முழு எழுத்துத் தொகுதியே அன்று ஃபாண்ட். எழுத்தளவின் அலகான புள்ளிக் கணக்கில், 12 புள்ளிக்கு ஒரு ஃபாண்ட், 14 புள்ளிக்கு இன்னொன்று. வடிவமைப்புக்குப் பெயர் டைப்ஃபேஸ். கணினியில் ஒரே கோப்பு எல்லா அளவுக்கும் போதுமென்பதால் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. தமிழில் இரண்டுக்கும் எழுத்துரு என்பதே நல்ல சொல். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்துருக் கோப்பு, எழுத்துருக் குடும்பம் எனலாம்.

பல வரிவடிவங்களை, அதாவது எழுத்துமுறைகளை, தாங்குவதைப் பன்மொழி எழுத்துரு என்பது பிழை. ஆங்கிலமும் பிரெஞ்சும் இரு மொழிகள், வரிவடிவம் ஒன்றே. கோவை ரயில் நிலையப் பலகையிலோ தமிழ், தேவநாகரி, இலத்தீன் என மூன்று வரிவடிவங்கள். அதற்கு வேண்டியது பல்வரிவடிவ எழுத்துரு.

நவீனத்துவ இலத்தீன் எழுத்துருக்களைத் தழுவித் தமிழுக்கு வரையும்போது வேலை கடினமாகிறது. ஜெர்மன் வடிவமைப்பாளர் பால் ரென்னரின், 1927இல் வெளிவந்த ஃபியூச்சுரா எழுத்துரு வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றைச் சார்ந்தது. அதே வட்டத்தையும் கோட்டுத் தடிப்பையும் ண, ஞ, ஐ மீது அப்படியே ஏற்றினால் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் அடைந்துபோகும். எழுத்தை வரையும் 1000 அலகுக் கட்டத்தில் இலத்தீன் கோட்டின் தடிப்பு 90 என்றால், ஞ-வின் நெருக்கமான இடங்களில் அதை 75 வரை இளைக்கலாம்; எழுத்தை அகலப்படுத்தவும் தயங்கக் கூடாது. உயரத்தில் இலத்தீன் சிற்றெழுத்து 500, பேரெழுத்து 700 என்றால் தமிழை 580 அளவில் நிறுத்திப் பார்க்கலாம். சிற்றெழுத்தோடு சமன்செய்தால் தமிழ் சிறுத்துப்போகும், பேரெழுத்தோடு சமன்செய்தால் துருத்தி நிற்கும்.

உகர, ஊகார வரிசைகளின் 36 உருவங்களையும் தனித்தனியே வரைய வேண்டும். டி, டீ-யையும் அப்படியே. எழுத்தும் குறியும் சேருமிடத்தில் வரைந்த உருவத்தை இடச் சொல்லும் பதிலீட்டு விதியை எழுத மறந்தால் கு என்பது ககரமாகவும் தனிக் குறியாகவும் பிரிந்து நிற்கும்.

சோதனைக்குக் கொங்கு ஊர்ப்பெயர்களே போதும். மேல் வரியில் சூலூர், அதன் கீழே கீரணத்தம் என்று அடித்துப் பார்த்தால் சூ-வின் கால் கீ-யின் கொக்கியில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும்; இடித்தால் வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஒண்டிப்புதூரில் மெய்ப்புள்ளி, டி, பு, தூ எல்லாம் உண்டு. திருப்பூர் பனியன் லேபிள்போலத் துணியில் அச்சிடும்போது மை பரவும். ஆகவே இலத்தீன் சிற்றெழுத்து i-யின் புள்ளியை மெய்ப்புள்ளியாக எடுத்து ஒட்டாமல், தனியாக வரைந்து, எழுத்தின் மேல் விளிம்புக்கு மேலே கூடுதல் இடைவெளி விட வேண்டும்.