எழுவான்கரை மணல் எப்போது திரவமாகும்?

“நிலம் அதிர்ந்தால் மணலில் கட்டிய வீடு தாழுமா?” என்று கல்லடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாழலாம். அதற்கு மணல் இளக்கமாக இருக்க வேண்டும், நீரில் ஊறியிருக்க வேண்டும், பலத்த அதிர்வு நீடிக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எழுவான்கரையில் ஊறிய மணலுக்குப் பஞ்சமில்லை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களின் களி இப்படித் திரவமாகாது.

நிலத்தடி நீர்மட்டம் 1 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது, நாம் 3 மீற்றர் ஆழத்தைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். அங்கே ஒரு சதுர மீற்றரின்மேல் ஏறத்தாழ 5.8 தொன் பாரம். அதில் 2 தொன்னை நீர் தாங்கும். மிச்சம் 3.8 தொன்னை மணல்மணிகள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்குகின்றன. அந்தத் தொடுகையில் பிறக்கும் உராய்வுதான் மணலின் பலம். சுண்டில் அளந்த அரிசியைத் தட்டினால் மட்டம் இறங்கும் அல்லவா? அதிரும்போது மணலும் அப்படி நெருங்கி அமரப் பார்க்கும். இடையில் இருக்கும் நீரோ நெரிபடாது, சில விநாடிகளுக்குள் வெளியேறவும் வழியில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் மணிகளின் பாரம் சிறிது சிறிதாக நீரின் தோளுக்கு மாறுகிறது. நீர் 5.8 தொன்னையும் தாங்கத் தொடங்கியதும் மணிகளுக்குள் பிடிப்பில்லை. வீடு தாழும், புதைத்த வெற்றுத் தாங்கி மிதந்து மேலே வரும். நிலத்து வெடிப்புகளில் நீர் மணலோடு கொப்பளித்துச் சிறு கூம்புகள் கட்டும். எவ்வளவு அழகான கணக்கு!

இதைச் சிறிய அளவில் பார்க்க, கல்லடிக் கடற்கரையில் அலை வந்து திரும்பும் ஈரமணலை ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டே இருங்கள். மணல் பளபளத்துத் ததும்பும், குதிகால் புதையும்.

1964 ஜூன் 16 இல் ஜப்பானின் நிகாட்டாவில் நிலம் அதிர்ந்தபோது அடுக்குமாடிகள் உடையாமல் அப்படியே சரிந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. அதற்கு முன் மார்ச்சில் அலாஸ்கா அதிர்ந்திருந்தது. பேர்க்லிப் பேராசிரியர் போல்ட்டன் சீடின் ஆய்வு வாழ்வை இந்த இரண்டும் திசைதிருப்பின. மணல் திரவமாகுமா என்று கணிக்க அவரும் சக ஆய்வாளர் இத்ரிஸும் 1971 இல் தந்த எளிய முறையே இன்றைய முறைகளுக்கும் அடிப்படை.

அதற்கு வேண்டிய எண்ணை எஸ்பிடி என்ற சோதனை தரும். நிலத்தில் இட்ட துளையின் அடியில் ஒரு குழாயை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீற்றரிலிருந்து விழும். குழாய் இறங்கும் முதல் 150 மில்லிமீற்றரைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த 300 மில்லிமீற்றருக்குச் சுத்தியல் எத்தனை தடவை அடித்தது என்று எண்ண வேண்டும். ஆழத்துக்கும் சுத்தியலின் சக்திக்கும் திருத்திய பின் அந்த எண் 30ஐத் தாண்டிய தூய மணலுக்குப் பயமில்லை. 10க்குக் கீழே இருந்தால் கவனம் வேண்டும். எங்கள் மணலில் அடிக்கடி நேரக்கூடிய பிழை ஒன்று உண்டு. துளைக்குள் நீர் வெளியிலுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிட இறங்கினால் அடிமணல் ஊற்றெடுத்து இளகிவிடும், எண் பொய்யாகக் குறையும். துளையை நீர் நிரப்பியே வைத்து, துளைக்கருவியை மெதுவாக உயர்த்த வேண்டும்.

இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, பலத்த அதிர்வு இங்கே அரிது. 2004 சுனாமியில் எங்களை அழித்ததும் கடல்தான். ஆனாலும் பாலத்துக்கும் மாடிக் கட்டடத்துக்கும் போடும் துளைகளின் பதிவுகள் அலுமாரிகளில் முடங்கக் கூடாது. அவற்றைத் திரட்டி, முகத்துவாரத்திலிருந்து கல்லாறு வரை எந்த இடத்தில் அந்தச் சுத்தியல் அடிகளின் எண் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் ஒன்றைப் பொதுப்பணத்தில் வரைந்து எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும்.