லொகின் சிஸ்டத்தோட செட்டிங்க்ஸ எங்க வைக்கிறது?

தேயிலைத் தோட்டத்துல காலைல ஆளுங்க கூடுற பெரட்டுக்களத்துல பேர் பதியிறதைப் பாத்து வளந்தவங்களுக்கு ஐடென்டிட்டி மேனேஜ்மென்ட் ஒண்ணும் புது விஷயம் இல்ல. யாரு வந்திருக்காங்க, எத்தனாம் நம்பர் மலைக்குப் போறாங்க, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாளா), எல்லாம் செக்ரோல்ங்கிற வரவுப் பதிவேட்டுல இருக்கும். பெரிய கம்பெனில யாரு எந்த சிஸ்டத்துக்குள்ள போகலாம்னு பாக்குறதும் அதே வேலைதான். கீக்ளோக், நம்ம நாட்டுல 2005ல ஆரம்பிச்ச டபிள்யூஎஸ்ஓ2 கம்பெனியோட ஐடென்டிட்டி சர்வர் மாதிரி சொஃப்ட்வெயர் எல்லாம் அதுக்குத்தான். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வீட்ல இருந்தே வேலை செய்ற தம்பி தங்கச்சிமாரு என்கிட்ட கேக்குறது, "அண்ணே, இதை கொன்ஃபிகர் பண்ண எந்த டூல் நல்லம்?"

ஒரே டூலைத் தேடாதீங்க, ஏன்னா செட்டிங்க்ஸ் எல்லாம் ஒரே இடத்துல குடியிருக்கிறது இல்ல.

டேட்டாபேஸ் எங்க இருக்கு, எந்த போர்ட், சாவி, சேர்ட்டிஃபிகேட் வைக்கிற கீஸ்டோர் எது, இதெல்லாம் சர்வர் எழும்பும்போது ஃபைல்ல இருந்து படிக்கிற விஷயம். ஐடென்டிட்டி சர்வர்ல முந்தி இதுக்கு நிறைய எக்ஸ்எம்எல் ஃபைல் திருத்தணும், 2019ல வந்த 5.9ல இருந்து டிப்ளோய்மென்ட் டொட் டொமல்னு ஒரே ஃபைல், சர்வர் ஸ்டார்ட் ஆகுறப்ப அதை வச்சு எக்ஸ்எம்எல்லைத் தானே எழுதிக்கும். அது தெரியாம நான் ஒரு ராத்திரி எக்ஸ்எம்எல்லைக் கையால திருத்தி, சரியாச்சுன்னு ரீஸ்டார்ட் குடுத்துட்டுப் பாத்தா திருத்தினது ஒரு வரிகூட இல்ல, ரெண்டு மணித்தியாலம் தேடினேன். இந்த மாதிரி ஃபைலுக்கு, மாத்தினதெல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்டும், ஃபைலை சர்வருக்கு அனுப்பி வைக்கிற அன்சிபிளும் போதும்.

எப்ளிகேஷன், ரோல், லொகின் ஆனவருக்குக் குடுக்கிற டோக்கன் எவ்வளவு நேரம் செல்லும், இதெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. இங்கதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. கீக்ளோக்ல ரெல்மை, அதாவது ஆளுங்க, எப்ளிகேஷன், செட்டிங்க்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதியை, ஜேசன்ங்கிற டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து, அதைத் திருத்தி, ஸ்டார்ட் பண்றப்ப இம்போர்ட் ஆகட்டும்னு விடுவாங்க, ஆனா அதே பேர்ல ரெல்ம் ஏற்கனவே இருந்தா கீக்ளோக் அந்த இம்போர்ட்டை விட்டுட்டுப் போயிரும், ஒண்ணுமே மாறாது. இதுக்கு டெராஃபோர்ம்ங்கிற டூல் நல்லம், செட்டிங்க்ஸை ஃபைல்ல எழுதிக் குடுத்தா அதுவே சர்வர்ல மாத்தும். நாம எழுதினதையும் சர்வர்ல உள்ளதையும் ஒப்பிட்டு, என்னத்தை மாத்தப் போறேன்னு முன்னாடியே காட்டும். ராத்திரி அவசரத்துக்கு யாரோ எட்மின் கொன்சோலுக்குள்ள போய் ஆக்ஸஸ் டோக்கன் நேரத்தை 5 நிமிஷத்துல இருந்து 30 ஆக்கியிருந்தா, காலைல டெராஃபோர்ம்ல பிளேன் (மாத்தாம காட்ட மட்டும் செய்ற கமாண்ட்) போட்டதும் "30 போய் 5 வருது"ன்னு நிக்கும். அதைப் பாக்காம அப்ளை (நிஜமா மாத்துற கமாண்ட்) குடுத்தா அந்த ராத்திரி ஃபிக்ஸ் அழிஞ்சிரும். அதனால டெராஃபோர்முக்கு மாறினா கொன்சோல் பாக்க மட்டும்தான், இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். அஞ்சு எப்ளிகேஷன், பாக்குறது ஒரே ஆள்னா, கீக்ளோக்கோட வர்ற கமாண்ட் டூலை வச்சு ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

ஆளுங்களை மட்டும் டெராஃபோர்முக்குள்ள போடாதீங்க. வர்றவங்க போறவங்க விவரம் எச்ஆர் சிஸ்டத்துல இருந்து ஸ்கிம் வழியா தானா வரணும், ஆளுங்க விவரத்தை சிஸ்டத்துக்கு சிஸ்டம் அனுப்புறதுக்கான பொது ஸ்டாண்டர்ட் அது, அதோட 2.0 வெர்ஷன் 2015ல வந்துச்சு. வேலைய விட்டுப் போனவரோட லொகின் உயிரோட கிடந்தா, ஊரைவிட்டுப் போனவருக்கு செக்ரோல்ல பேர் விழுற மாதிரி.

பாஸ்வேர்ட் விஷயத்துல ரொம்பக் கவனம். டெராஃபோர்ம் கையாளுற சீக்ரெட் சாதாரணமா, சர்வர்ல என்ன இருக்குன்னு அது குறிச்சு வைக்கிற ஸ்டேட் ஃபைல்ல பச்சையா எழுதப்பட்டிருக்கும், திறந்து பாத்தா அப்படியே வாசிக்கலாம். அதை கிட்ல போடாம, என்கிரிப்ட் பண்ற ஒரு ரிமோட் இடத்துல வச்சு, யாரெல்லாம் திறக்கலாம்னு பேர் பேரா முடிவு பண்ணிட்டு மத்த வேலையத் தொடங்குங்க.