எடை வடு: ‘வெயிட் ஸ்டிக்மா’வுக்குத் தமிழில் என்ன சொல்?

சென்ற மாதம் ஒரு மருத்துவக் கையேட்டின் தமிழாக்கத்தைப் பிழை திருத்தும் வேலை வந்தது. உடல் எடை, உணவு, மனநலம் மூன்றையும் சேர்த்துப் பேசும் சின்னக் கையேடு. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: “உங்கள் எடைக் களங்கம் உங்கள் உடல்நலத்தைப் பாதிக்கலாம்.” மூலத்தில் இருந்தது ‘வெயிட் ஸ்டிக்மா’, அதாவது எடையைக் காரணம் காட்டி ஒருவரைச் சமூகம் இழிவாகப் பார்ப்பது. அகராதிப்படி ஸ்டிக்மா என்றால் களங்கம்தான். இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் எனக்கு உறுத்தியது.

அந்தப் பக்கத்தை ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். சின்ன வயதிலிருந்தே பெரிய உடம்புக்காரர் அவர். வரியின் மேல் விரலை வைத்து, “களங்கமா? நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?” என்று கேட்டார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். ரொம்ப நாளாகக் கேட்டுப் பழகிய ஒன்றை மறுபடி கேட்பது போல இருந்தது. மூலத்தை எழுதியவர் சொல்ல வந்தது, பிறர் அவருக்குச் செய்யும் அநியாயத்தைப் பற்றி. தமிழில் வந்தபோது அது அவருடைய குறையாகிவிட்டது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டிக்மா கிரேக்கச் சொல். ‘ஸ்டிசெய்ன்’ என்றால் கூர்முனையால் குத்துதல்; குத்திய இடத்தில் நிற்கும் அடையாளம் ஸ்டிக்மா. பழைய கிரேக்கத்தில் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் போர்க்கைதிகளுக்கும் இப்படிப் பச்சை குத்தினார்கள். பல நேரம் நெற்றியிலேயே. எதிரே வருகிறவன் வாயைத் திறக்கும் முன்பே அவன் யார், என்ன செய்தவன் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிட வேண்டும், அதற்காகத்தான். சொல் பின்னர் லத்தீன் வழியாகப் பல திசைகளில் கிளை பிரிந்தது. சிலுவையில் இயேசு பட்ட காயங்களின் தழும்புகளுக்குக் கிறித்தவ மரபில் இதே சொல்லின் பன்மைதான். தாவரவியலில் பூவின் சூலகமுடிக்கு ஸ்டிக்மா என்று பெயர். கண் மருத்துவர் சொல்லும் ஆஸ்டிக்மாடிசம்கூட இதே வேர்தான்: ஒளி ஒரு புள்ளியில் குவியாத நிலை. குத்து, புள்ளி, அடையாளம் என்று போகிற பொருள்களோடு அவமானம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்டிக்மா தானாக வராது. குத்துவதற்கு ஒரு கை வேண்டும்.

சரி, களங்கம்? வடமொழியிலிருந்து வந்த சொல் அது. கறை, மாசு, துரு. நிலாவில் தெரியும் கருமையைக் களங்கம் என்கிறோம். அது நிலாவிலேயே இருப்பது. யாரும் கொண்டுபோய்ப் பூசியதில்லை. ஒருவருக்குக் களங்கம் என்று சொன்ன உடனே பழி அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘இழுக்கு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதன் அடிப்படைப் பொருளே வழுக்குதல். வழுக்கியவர் மேல்தான் தப்பு என்றாகும். ‘அவப்பெயர்’ பரவாயில்லை, ஆனால் அது ஒரு தனி ஆளின் பெயர் கெட்ட கதை. ஸ்டிக்மா ஒரு கூட்டத்தையே ஒரே பார்வையில் ஒதுக்குவது.

நான் போய் நின்ற இடம் ‘வடு’. எல்லாருக்கும் தெரிந்த குறளில் இருக்கிறது:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

தீ சுட்டதைப் புண் என்றவர், நாக்கு சுட்டதை வடு என்கிறார். பரிமேலழகர் இதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்: ஆறிப் போவதால் அது புண், ஆறாமல் கிடப்பதால் இது வடு என்கிறார். சுட்ட கை வேறொருவருடையது, தாங்கும் உடம்பு வேறொருவருடையது என்ற பிரிவு இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. களங்கத்தில் அது கிடையாது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கிரேக்கச் சொல் அடையாளத்திலிருந்து அவமானத்துக்குப் போனது போலவே, தமிழில் வடுவுக்கும் தழும்பு, குற்றம், பழி என்று பொருள்கள் உண்டு. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரசனுக்கு ‘வடுவன்று’ என்கிறது 549ஆம் குறள். அங்கே வடு என்றால் பழி. வடுச்சொல் என்றால் பழிச்சொல். (பிஞ்சுக் காயைக் குறிக்கும் வடு நமக்கு இங்கே வேண்டாம்.) இரண்டு மொழிகள், தொடர்பில்லாத இரண்டு வேர்கள், ஒரே பாதை. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது களங்கத்தை ஏன் எடுக்க வேண்டும்?

தேடிக்கொண்டு போனபோது கயமை அதிகாரத்தில் ஒரு குறள் என்னை நிறுத்திவிட்டது. 1079:

உடுப்பதூஉம் உண்பதூஉம் காணின் பிறர்மேல்
வடுக்காண வற்றாகும் கீழ்.

பிறர் உடுப்பதையும் உண்பதையும் பார்த்தாலே அவர்மேல் வடுக் காணக் கூடியவன் கீழ்மகன். பிறருடைய நல்வாழ்வு பொறுக்காத பொறாமையைச் சொல்வதாகத்தான் உரைகள் விளக்குகின்றன, அதை மாற்றிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டை எட்டிப் பார்க்கும் கண்களோடு வளர்ந்த ஒருவரிடம் இந்தக் குறளைப் படித்துக் காட்டுங்கள். தோழியிடம் படித்தேன். “உடுப்பதூஉம் உண்பதூஉம்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆகவே ‘வெயிட் ஸ்டிக்மா’வுக்கு என் பரிந்துரை ‘எடை வடு’. எடையைக் காரணமாக்கி ஒருவர்மேல் சமூகம் பதிக்கும் பழி. அந்தப் பழியை அவரே நம்பத் தொடங்கி, கண்ணாடி முன்னால் தன்னைத் தானே ஏசிக்கொள்ளும் நிலைக்கு ‘உள்வடு’ என்று சொல்லலாம். உருவக்கேலி என்ற சொல் ஏற்கெனவே நன்றாகப் புழங்குகிறது, அது ‘பாடி ஷேமிங்’குக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உருவக்கேலி ஒரு செயல். கேலி செய்தவர் வாயை மூடினால் நின்றுவிடும். வடு அதற்குப் பிறகும் நிற்கும். கேலியே செய்யாமலும் வடு விழும்.

எப்படி என்று தோழியின் அனுபவத்திலேயே சொல்கிறேன். காதுவலி என்று ஒரு மருத்துவரிடம் போனார். காதைப் பார்க்கும் முன்பே தராசில் ஏறச் சொன்னார்கள். உதவியாளர் எண்ணை உரக்கப் படித்தார். காத்திருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கைக்குப் பத்தவில்லை. இழுத்து இழுத்துச் சுற்றினார்கள், காற்று ஏற ஏறப் பட்டென்று பிரிந்துகொண்டது. (கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணும் அவர் கணக்கில்தான் ஏறியிருக்கும்.) யாரும் கேலி செய்யவில்லை. மருத்துவர் கனிவாகத்தான் பேசினார்: “முதல்ல உடம்பைக் குறைங்க.” காதுக்குச் சொட்டு மருந்து எழுதியது கடைசியில். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-ல் ஸ்டிக்மாவை மூன்றாகப் பிரித்தார்: உடம்பில் தெரிவது, குணத்தின் குறையாகக் கருதப்படுவது, இனம் மதம் போன்ற பிறப்பு வழி வருவது. எடை வடு இதில் முதல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கண் பார்ப்பது உடம்பை. மனம் படிப்பது சோம்பேறி, நாக்கடக்கம் இல்லாதவர் என்று. மரபணு, சில மருந்துகள், தூக்கம், மன அழுத்தம், கையில் இருக்கும் நேரமும் காசும் என்று எடையைத் தீர்மானிக்கும் எத்தனையோ விஷயங்கள் அந்தப் பார்வையில் விழுவதே இல்லை.

திட்டினால்தான் திருந்துவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2006-லிருந்து 2010 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களில், எடைக்காகப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. இது மட்டுமே காரணத்தை நிரூபித்துவிடாது. ஆனால் அவமானம் எடையைக் குறைக்கும் என்ற நம்பிக்கைக்கு இது நேரெதிர். 2020-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து, இந்த வடுவை ஒழிக்க வேண்டும் என்று பொது அறிக்கையே வெளியிட்டார்கள்.

கூடவே வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘ஒபீஸ்’ என்பதன் வேர் லத்தீன் ‘ஒபேசஸ்’. தின்று தின்று கொழுத்தவர் என்பது பொருள். தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் ‘பருமன்’ அப்படியில்லை. பருத்தல் என்றால் பெரிதாதல், அவ்வளவுதான். மரத்துக்கும் சொல்லலாம், கயிற்றுக்கும் சொல்லலாம். யாரையும் குற்றம் சொல்லாத சொல் அது, ‘உடற்பருமன்’ என்று எழுதும்போது தயங்கவே வேண்டாம். ‘குண்டு’ வேறு கதை. உருண்டை என்ற பொருளில் அதுவும் அப்பாவிச் சொல்தான், ஆனால் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயராகக் கேட்டவர் காதில் அப்படி விழாது. தன்னைக் குண்டு என்று ஒருவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டால் அது அவர் உரிமை. நாம் முந்திக்கொள்ளக் கூடாது.

‘பாடி இமேஜ்’ என்பதை 1935-ல் வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் பால் ஷில்டர் பரப்பினார்: நம் உடம்பைப் பற்றி நம் மனம் வரைந்து வைத்திருக்கும் படம். ‘உடல் தோற்றம்’ என்று மொழிபெயர்த்தால் பாதி போய்விடும்; தோற்றம் கண்ணாடியில் இருப்பது, இது மண்டைக்குள் இருப்பது. ‘உடற்பிம்பம்’ நெருங்கி வருகிறது, ‘உடல் மனப்படம்’ இன்னும் தெளிவு. இந்தப் படம் எவ்வளவு எளிதில் கோணும் என்பதற்கு ஒரு சான்று. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. எலும்பு தெரிய நின்றபோதும் பலருக்குத் தாங்கள் மெலிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. மற்றவர்கள்தான் அளவுக்கு மீறிப் பருத்தவர்களாகத் தெரிந்தார்கள். நினைப்பெல்லாம் சாப்பாடு, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். இதே கீஸ்தான் 1972-ல், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பழைய கணக்கு ஒன்றுக்கு ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயர் வைத்தவர். கணக்கைப் போட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதர் அடோல்ப் கெட்லே. அவர் தேடியது மக்கள் கூட்டத்தின் சராசரியை. தனி ஆளின் நெற்றியில் குத்துவதற்கு அவர் அதைச் செய்யவில்லை.

நாலாம் பக்க வரியை இப்படித் திருத்தினேன்: “எடையைக் காரணம் காட்டி மற்றவர்கள் சுமத்தும் வடு உங்கள் உடல்நலத்தைப் பாதிக்கலாம்.” தோழி படித்துவிட்டு, “இப்போ சரி” என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே தலைப்பு ‘உணவுக் கட்டுப்பாடு’. பென்சிலை எடுத்துச் சுழித்தார். “இதுவும் அதே ஆள் எழுதினதுதானே?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூலத்தில் ‘டயட்’. கிரேக்கத்தில் ‘தியாய்த்தா’, பொருள் வாழும் முறை. உணவு அதில் ஒரு பகுதி மட்டும். பின்னால்தான் அது சுருங்கிச் சுருங்கி, சில வாரம் பட்டினி கிடந்து எடை குறைக்கும் வேலைக்குப் பெயரானது. கட்டுப்பாடு என்ற சொல், சாப்பிடுபவரைக் காவலில் வைக்க வேண்டிய ஆளாக்குகிறது. பத்தியம் நல்ல பழைய சொல், உடம்புக்கு உகந்தது என்றே பொருள். ஆனால் இன்று நோயும் மருந்தும் இருந்தால்தான் பத்தியம். நான் ‘உணவொழுங்கு’ என்று மாற்றினேன். ஒழுகுதல் என்றால் ஓடுதல், நடந்துகொள்ளுதல். ஒழுங்கும் ஒழுக்கமும் அந்த வேரிலிருந்தே வருகின்றன. தியாய்த்தாவின் பழைய பொருள் அப்படியே கிடைக்கிறது. கீழே 943ஆம் குறளைச் சேர்த்தேன்: ‘அற்றால் அளவறிந்து உண்க அஃதுடம்பு பெற்றான் நெடிதுய்க்கும் ஆறு.’ முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண். கிடைத்த உடம்பை நெடுநாள் கொண்டுசெலுத்த அதுதான் வழி. எந்த அளவு என்று வள்ளுவர் எண் சொல்லவில்லை.

தோழி ஆறு மாதமாக நேரத்துக்குச் சாப்பிடுகிறார், சாயங்காலம் நடக்கிறார், தூக்கம் சீராகியிருக்கிறது. தராசை அலமாரியில் வைத்துவிட்டார். “டயட்டா?” என்று யாராவது கேட்டால், “இல்ல, சாப்பிடறேன்” என்கிறார். அவருக்குப் புது மருத்துவர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அங்கே பெரிய பட்டை இருக்கிறதாம்.