விட்டுப்போன தியானத்துக்குத் திரும்பி வருவது

மார்கழி விடியலில் கொடைக்கானலில் கம்பளியை விலக்கி எழுவதே பெரும்பாடு. அதற்குமேல் அரை மணி நேரம் தரையில் அசையாமல் உட்கார வேண்டும். ஐப்பசி மழையில் விட்டுப்போன பழக்கம் தை உறைபனி வரை இழுத்துக்கொண்டே போவதில் வியப்பில்லை. பல வருடம் பழகியவர்களுக்கும் இது நடக்கும். விட்டது பெரிய விஷயமல்ல. விட்ட பிறகு 'நமக்கு இது வராது' என்று தலைக்குள் ஓடும் பேச்சுதான் ஆளைத் திரும்பி வரவிடாது.

அந்தப் பேச்சு ஒரே ஓர் அமர்வுக்குள்ளும் கேட்கும். கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற மையம் இருக்கிறது; பௌத்த தியான மரபான ஜென்னைப் பழகும் இடம். ஜென் மரபின் தொடக்கப் பயிற்சி மிக எளிது: மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஓர் எண், ஒன்று முதல் பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நாலாவது மூச்சிலேயே மனம் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போய்விடும். எண்ணிக்கை மட்டும் பதின்மூன்று, பதினான்கு என்று ஆளில்லாத வண்டி மாதிரி ஓடும். கண்டுபிடித்ததும் ஒன்றுக்கு வர வேண்டும்.

இந்தத் தருணத்தை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் படம்பிடித்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு அது. தியானம் பழகிய 14 பேர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் 20 நிமிடம் மூச்சைக் கவனித்தார்கள்; மனம் அலைந்ததை உணர்ந்ததும் பொத்தானை அழுத்தினார்கள். அலையும்போது மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகள் வேலை செய்தன. நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது இயங்குகிற வலையமைப்பு இதுதான். 'அலைந்துவிட்டேன்' என்று உணரும் நொடியில் இன்சுலா என்ற மூளைப்பகுதி இயங்கியது. கவனத்தைத் திருப்பும்போது மூளையின் முன்பக்கத்தில் பக்கவாட்டுப் பகுதி. ஆக, அலைவது, உணர்வது, திரும்புவது, நிலைப்பது என்று ஒரு சுற்று. மனம் அலையவே இல்லையென்றால் திரும்புகிற பயிற்சிக்கு வாய்ப்பே இல்லை.

இனி, 'சே, மறுபடியுமா! நமக்கெல்லாம் இது வராது' என்ற திட்டைப் பாருங்கள். ஒழுக்கம் போலத் தெரியும். ஆனால் அதுவும் தன்னைப் பற்றிய யோசனை. சிலிண்டரிலிருந்து மூச்சுக்கு வராமல் இன்னொரு பக்கம் போனதுதான்.

வாரக்கணக்கில் விடுபட்டாலும் இதே கதை, அளவுதான் பெரிது. மதுவிலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், ஒரு சறுக்கலுக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம் முக்கியம் என்றார். 'நேற்று மழை, தூக்கம் கெட்டது' என்பவர் எளிதில் திரும்புகிறார். 'என் குணமே இப்படி' என்பவர் மொத்தமாகக் கைவிடுகிறார். கனடாவில் 2010இல் வெளியான ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். லண்டனில் 96 பேரிடம் நடந்த பழக்க ஆய்வில், ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. செல்போன் செயலிதான் ஒரு நாள் விட்டால் கணக்கைப் பூஜ்யமாக்குகிறது. மூளை அப்படிச் செய்வதில்லை.

திரும்பும் முதல் நாள் 5 நிமிடம் போதும். விட்டதை ஈடுகட்ட ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். கால் வலித்து மறுநாளும் போய்விடும். கடிகார நேரத்தை நம்பாமல், பல் துலக்கியதும் என்று வேறொரு வேலையோடு கோத்துவிடுங்கள். ஒரு வாரம் ஒழுங்காகப் போனால் 10 நிமிடம். திட்டு எழுந்தால் மனதுக்குள் 'திட்டு' என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுங்கள். அதோடு வாதாட வேண்டாம். தன்மேல் அன்பு பொங்க வேண்டும் என்று முக்கவும் வேண்டாம்.

மலைக்குளிரில் மனதின் தலையில் கட்டப்படும் பழி பல நேரம் உடம்புடையது. உட்கார்ந்த சில நிமிடத்தில் சிறுநீர் முட்டுகிறதா? குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்நோக்கித் தள்ளப்படுவதால் சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றுகிறது. போய்விட்டு வந்து உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி கம்பளியை மடித்துப் போடுங்கள், முழங்காலைச் சால்வையால் மூடுங்கள். கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால். உணர்வு முழுதாகத் திரும்பும்வரை எழுந்து நிற்காதீர்கள், குப்புற விழுவீர்கள்.