சோடியத்தை வெளியேற்றும் மகனீசியம்

ஆனையிறவில் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். அந்தக் கசப்பு பெரும்பாலும் மகனீசியத்தினுடையது. கடல் நீரிலுள்ள உலோகங்களில் சோடியத்துக்கு அடுத்து அதிகம் இருப்பது அதுதான். உப்பளத்தில் இரண்டும் பிரிந்துவிடும். இதயத்தில் ஒன்றில்லாமல் மற்றது சரிவராது.

இதயத் தசைக்கலத்துக்கு வெளியே லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. உள்ளே 10 அளவில்தான். சமிக்ஞை வந்ததும் கலமென்சவ்விலுள்ள வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் நொடிக்குள் தலைகீழாகிறது. தொடர்ந்து கல்சியம் நுழைய, கலத்தின் உள்ளே சேமித்திருந்த கல்சியமும் வெளிவர, தசை சுருங்குகிறது.

சரி, உள்ளே வந்த சோடியம் எப்படி வெளியே போகிறது? மென்சவ்விலுள்ள ஒரு புரதப் பம்பி 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பை ஆராய்ந்து இந்தப் பம்பியைக் கண்டறிந்தார். 1997இல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்தப் பம்பிக்குச் சக்தி தருவது ஏ.ரி.பி என்ற, கலத்தின் சக்தி மூலக்கூறு. மகனீசியத்தோடு சேர்ந்திருந்தால்தான் பம்பியால் அந்த ஏ.ரி.பியைப் பயன்படுத்த முடியும்.

மகனீசியம் குறைந்தால் பம்பி தளர்கிறது, சோடியம் உள்ளே தேங்குகிறது. கல்சியத்தை வெளியேற்றும் இன்னொரு புரதம் சோடியம் உள்ளே பாயும் விசையில்தான் இயங்குகிறது, அதுவும் சோர்ந்துவிடும். இப்படிக் கல்சியம் மிஞ்சிய கலம் நேரம் தவறித் துடிக்கலாம். போதாக்குறைக்குச் சிறுநீரகமும் பொற்றாசியத்தை ஒழுகவிடும். மகனீசியத்தைச் சரிசெய்யாமல் பொற்றாசியம் மட்டும் கொடுத்தால் அது உடலில் பெரும்பாலும் நிற்காது. ஒருவகை ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு மருத்துவர்கள் மகனீசியம் சல்பேற்றை நேரடியாக நாளத்தில் ஏற்றுவதும் உண்டு.

வன்னி வெயிலில் வயல் வேலை செய்பவருக்கு வியர்வையோடு போவது பெரும்பாலும் சோடியம்தான். மகனீசியம் போவது வேறு வழிகளில்: நீடித்த வயிற்றோட்டம், சிலவகை நீர் மாத்திரைகள், வருடக்கணக்கில் எடுக்கும் ஒமெப்பிரசோல் போன்ற வயிற்று மாத்திரைகள். உடலின் மகனீசியத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் இரத்தத்தில் இருக்கிறது. மீதி பெரும்பாலும் எலும்பிலும் தசையிலும். அதனால் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் உள்ளே குறைவு இருக்கலாம்.

கச்சான், உழுந்து, கௌப்பி, கீரை எல்லாவற்றிலும் மகனீசியம் உண்டு. மாத்திரை வேறு விஷயம். மிஞ்சிய மகனீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மகனீசியம் வாங்கிக் குடிக்கவே கூடாது, அளவு மிஞ்சினால் அதே இதயத் துடிப்பு மந்தமாகி நின்றும் போகலாம்.